பழவேற்காட்டுக் குப்பங்களும் நம் அபயதானமும்

 

மகாவீரர் ஜெயந்தி மேடையில் மீனவர் ஊர்களைப் பற்றிப் பேசுவானேன் என்ற வினா உங்களில் சிலருக்கு எழலாம். நியாயமான வினாவே. கொல்லாமை நம் முதல் விரதம். வலைத்தொழிலை நாம் போற்றவும் இயலாது, அதில் பொருளிடவும் இயலாது. ஆயினும் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை, பெறுவோர் தொழிலைக் கேட்டறிந்து வழங்குமாறு நம் முன்னோர் நமக்குக் கற்பிக்கவில்லை.

புழல் ஆதிநாதரை வணங்கிப் பொன்னேரி வழியே வடக்கே சென்றால் பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அங்குள்ளது. 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய நாள்முதல் அக்கரைக்கு வெளியார் மூலதனம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் இயங்கத் தொடங்கின; அனல்மின் நிலையமும் உண்டு. கோடிக்கணக்கில் வந்த அப்பணத்தில் பெரும்பகுதி குப்பங்களின் ஓரமாகவே கடந்து சென்றுவிட்டது.

அம்மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது ஏரியின் முகத்துவாரம் அடைபடாதிருக்க வேண்டும் என்பதே. கோடையில் மணல் திரண்டு அதனை அடைத்துவிட்டால் படகு கடலேற முடியாது. கடல்நீர் ஏரிக்குள் புகாது. நீர் வற்றி உப்பு மிகும். அப்போது வாடுவோர் மீனவர் மட்டுமல்லர். அந்நீரையே புகலிடமாகக் கொண்ட எண்ணிறந்த உயிர்களும், குளிர்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும் வாடும். ஆகவே அங்கே தூர்வாரவும் தடுப்புச்சுவர் எழுப்பவும் செலவிடப்படும் பொதுப்பணத்தைச் சீவதயைச் செலவு என்றே நான் கருதுவேன்.

கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்திற்குப் ‘பாடு’ என்று பெயர். (அதில் இடம்பெறாத ஊராருக்கு மனக்குறை உண்டு, அதனையும் மறைப்பதற்கில்லை.) தன் முறை வரும்வரை பிறர் பங்கைத் தொடாதிருப்பது, நாம் ‘மிகுபொருள் விரும்பாமை’ என்று ஓதுகிறோமே, அதற்கு அண்மையில் நிற்கும் ஒழுக்கம். அதே கரையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிக்கும் முன்மொழிவு உள்ளது. அதற்கென 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

நம்முள் வணிகர் பலர். முதலீடு வேண்டா என்று நான் சொல்லப்போவதில்லை. அக்கரையில் எவர் முதலிடினும் குப்பங்களின் குடிநீர், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றிற்குரிய பங்கு அனுமதி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும். வலையை விட்டு வேறு தொழிலுக்குச் செல்ல விழையும் இளைஞருக்குப் பயிற்சிக்கூடமும் வேண்டும். ஏரி அழிந்து துரத்தப்படுவது வேறு; கற்றுத் தெளிந்து தானே விலகுவது வேறு. பின்னதை விரும்பாத சிராவகர் உண்டா?

மீண்டும் கருத்துக்கேட்பு அறிவிக்கப்படும் நாளில் நம் அறக்கட்டளையின் பெயரால் இக்கோரிக்கைகளை எழுத்து மூலம் அளிக்கவேண்டும். அதற்கான தீர்மானத்தை இன்றைய பொதுக்குழுவின்முன் வைக்கிறேன்.