வேலைக்கும் ஒப்பந்தம் வேண்டும்!

(சங்ககிரியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களும், காட்டு வேலை முடித்துக் காலில் மண்ணோடு வந்தவர்களும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருக்கிறீர்கள். தேசங்கள் கூடி வேலை பற்றி ஒப்பந்தம் செய்வதைக் குறித்துப் பேசப்போகிறேன் என்றதும், "சங்ககிரிக்கும் சர்வதேசத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்க சர்க்கார் பெரும்பாலான இந்தியச் சரக்குகளின் மீது வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. திருப்பூர் பனியனுக்கும் கரூர் ஜவுளிக்கும் அது இடி. அங்கே ஆர்டர் நின்றால் நூலுக்குக் கிராக்கி குறைகிறது. நூல் தேங்கினால் ஆலையில் ஷிப்டு குறைகிறது. சரக்கு ஏறாவிட்டால் நம்மூர் லாரி டிரைவருக்குப் படி இல்லை.

அதே மாதம் டில்லி சர்க்கார் என்ன செய்தது? ஆலைகளுக்கு மலிவுப் பஞ்சு கிடைக்கட்டும் என்று, வெளிநாட்டுப் பஞ்சின் மேலிருந்த 11 சதவீத வரியை ஆகஸ்டு 19 முதல் எடுத்தது. பிறகு டிசம்பர் கடைசி வரை அதை நீட்டித்தது. அப்படியானால் கொங்கணாபுரம் ஏலத்துக்குப் பருத்தி மூட்டை கொண்டுபோகும் சிறு விவசாயி யாரோடு போட்டி போட வேண்டும்? ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் அமெரிக்கப் பண்ணைக்காரனோடு! விலை இறங்கினால் முதலில் குறைவது பருத்தி எடுக்கும் பெண்ணின் கூலி. வரி போட்டது வாஷிங்டன். பதில் சொன்னது டில்லி. சுமை விழுந்தது காட்டில் குனிந்து நிற்கும் தாயின் முதுகில். தோழரே, இதுதான் சம்பந்தம்.

இது முதல் தடவையும் அல்ல. 1930-ல் அமெரிக்கா இறக்குமதி வரிகளை ஏற்றியது. மற்ற தேசங்களும் பதிலுக்கு ஏற்றின. தன் வாசலில் தேங்கிய சாக்கடையைப் பக்கத்து வாசலுக்குத் தள்ளினால் தெருவே நாறும் அல்லவா? 1929-ல் இருந்த உலக வியாபாரத்தின் மதிப்பு 1933-ல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கோடிக்கணக்கானோர் வேலையிழந்து தெருவில் நின்றார்கள்.

அந்தப் பாடத்தைக் கற்றுத்தான், யுத்தம் முடிந்தபின் 1948 மார்ச்சில் கியூபாவின் ஹவானா நகரில் 53 தேசங்கள் ஒரு சாசனத்தில் கையெழுத்திட்டன. வியாபாரத்துக்கு விதி எழுதியது மட்டுமல்ல. வேலைக்கென்றே தனி அத்தியாயம் எழுதினார்கள். ஒவ்வொரு தேசமும் தன் மக்களுக்கு வேலை தர முயல வேண்டும், தன் வேலையில்லாத் திண்டாட்டத்தை அண்டை தேசத்தின் மீது தள்ளக் கூடாது, தொழிலாளரை வதைத்துச் சரக்கை மலிவாக்குவதை ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தச் சாசனம் என்ன ஆயிற்று? அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்கவே இல்லை. 1950 டிசம்பரில் ட்ரூமன் சர்க்கார் அதைக் கைகழுவியது. வியாபாரத்துக்கான "காட்" ஒப்பந்தம் மட்டும் பிழைத்தது. 1995-ல் அது உலக வர்த்தக ஸ்தாபனமாக வளர்ந்தது. சரக்குக்கு விதி உண்டு, அதை மீறினால் வழக்கு உண்டு. உழைப்பவனின் வேலைக்கு அந்தக் காவல் இல்லை! ஏன்? சரக்கின் பின்னால் கம்பெனிகள் நின்றன. வேலையின் பின்னால் அவ்வளவு பலத்தோடு யாரும் நிற்கவில்லை.

ஒப்பந்தம் நிறைவேறினாலும் நமக்குப் பங்கு தானாக வந்துவிடாது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று தீர்மானித்தது. ஆனால் இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் தனி ஷரத்து எழுதி, வாரத்துக்கு 60 மணி என்றார்கள்! அங்கே நம் பிரதிநிதியாகச் சென்ற என். எம். ஜோஷி, சர்க்கார் நியமித்தவர். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வேட்கையும் சேர்ந்துதான் 1920 அக்டோபரில் பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்தது. அதற்குப் பின் எத்தனை வேலைநிறுத்தங்கள், எத்தனை சிறைவாசங்கள்! 1922-ல் 60 மணி, 1934-ல் 54, 1946-ல்தான் 48. வாஷிங்டனில் எழுதியது நம் ஆலை வாசலுக்கு வந்து சேர 27 வருஷம் பிடித்தது. அதைக் கொண்டுவந்தது தபால்காரன் அல்ல, தொழிற்சங்கம்.

1964-ல் வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி இன்னொரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. வேலைத் திட்டம் வகுக்கும்போது தொழிலாளர் பிரதிநிதிகளைக் கலந்து பேச வேண்டும் என்கிறது அது. 1998-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் நடப்பென்ன? இந்தியத் தொழிலாளர் மகாநாடு 2015-ல் கூடியது. அதற்குப் பின் 2025 முடியக் கூட்டப்படவில்லை. மகாநாட்டைக் கூட்டாமலே 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கினார்கள். அடுத்த மாதமே நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். நாள் 125 என்று எழுதினார்கள்; செலவில் 40 சதவீதத்தைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் வைத்தார்கள். உலகத்துக்கு ஒரு கையெழுத்து, உள்ளூருக்கு ஒரு நடத்தை!

மனம் தளர வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. சங்கங்கள் கொடி வேறுபாடு பாராமல் எழுந்தன. மே தினத்தன்று முதல்வர் அதை வாபஸ் பெற்றதாக அறிவித்தார். பத்தே நாள்! 27 வருஷம் பிடித்த காரியத்தைக் காப்பாற்றப் பத்து நாள் போதுமாயிருந்தது. ஐக்கியத்தின் பலம் அது.

ஆகவே நம் கோரிக்கை தெளிவு. எந்தத் தேசத்தோடு வியாபார ஒப்பந்தம் செய்தாலும் அதில் வேலைக்கும் கூலிக்கும் ஷரத்து வேண்டும். கையெழுத்துக்கு முன் சங்கங்களைக் கலந்து பேச வேண்டும். ஆர்டர் நின்று ஆலை மூடும் நாளுக்குத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும். பஞ்சு வரியை எடுக்குமுன் பருத்திக்கு விலையும், எடுப்புக் கூலிக்கு உத்தரவாதமும் வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். வங்காள தேசத்தில் சட்டை தைக்கும் பெண் நமக்கு எதிரி அல்ல. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பக்கத்து ஆலையில் நிற்கும் இளைஞனும் எதிரி அல்ல. "அவன் குறைந்த கூலிக்கு வருகிறான்" என்று நம்மிடமும், "இவன் வருகிறான்" என்று அவனிடமும் சொல்பவன் ஒரே முதலாளிதான். அந்த இளைஞனைச் சங்கத்தில் சேருங்கள். தேசங்களுக்கிடையே ஒப்பந்தம் வருவதற்கு முன், நம் ஆலை வாசலில், நம் வரப்பு மேட்டில், உழைப்பவர்களுக்கிடையே அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும்!

ஆலைத் தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!