வாயிலார் காட்டிய இளைப்பாறுதல்



திருவிழாக் காலத்தில் மனச்சுமையைக் குறைக்கும் வழியைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. இராயப்பேட்டை மணிக்கூண்டைக் கடந்து இச்சன்னிதியை வந்தடைவதற்குள் எத்துணை ஒலி, எத்துணை நெரிசல், எத்துணை சினம்! பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் சென்று, மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு உடல் களைப்பதோடு உள்ளமும் முறுக்கேறிய கயிறு போலாகிவிடுகிறது. "எங்கேனும் மலைப்பக்கம் போய் நான்கு நாள் இருந்தால்தான் நிம்மதி" என்கிறார்கள். போய் வரட்டும், தவறில்லை. ஐந்தாம் நாள் திரும்பினால் அதே சாலை, அதே கடன், அதே மேலதிகாரி.

அறுபத்துமூவருள் ஒருவராகிய வாயிலார் நாயனார் நமக்கு அண்டை ஊரினர், திருமயிலையில் வாழ்ந்தவர். அவர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் மிகச் சில பாடல்களிலேயே கூறி முடிக்கிறார். அச்சில பாடல்களிலும் முதலில் பாடப்பெறுவது ஊரின் வளம். கடற்றுறையில் மரக்கலங்கள் வந்து யானைக்கன்றுகளை இறக்குகின்றன. கடல்நீரில் படிந்த கருமேகம் எது, எருமைக்கன்று எது, யானைக்கன்று எது என்று பிரித்தறிய இயலவில்லையாம். யானை இறங்கும் துறை என்றால் அங்கே பாகர் கூச்சல் இருக்கும். சுமைகூலி வழக்கும் இருக்கும். விலை பேசும் வணிகர் ஆரவாரமும் இருக்கும். இவ்வளவு ஒலியுள்ள ஊரை முதலில் காட்டிவிட்டு, அதன் நடுவே வாய் பேசாது வழிபட்ட ஓர் அடியவரைக் காட்டுகிறார் சேக்கிழார். இவ்வமைப்பை எண்ணி எண்ணி நாம் வியப்பதுண்டு. வாயிலார் காட்டுக்குப் போனதாக வரலாறு இல்லை. மயிலையிலேயே இருந்தார்.

அவர் செய்தது யாது? இறைவனை மறவாதிருத்தலையே கோயிலாக எடுத்தார். உணர்வை அங்கே விளக்காக ஏற்றினார். ஆனந்தத்தைத் திருமஞ்சனமாகவும் அன்பைத் திருவமுதாகவும் கொண்டு உள்ளத்திலேயே பூசை இயற்றினார். இதற்குப் பொருட்செலவு இல்லை, சீட்டு இல்லை, வரிசையும் இல்லை. (அருச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் நம் அன்பர்கள் சிலர் இடும் சண்டையைக் கண்டால், அங்கேயே இரத்த அழுத்தம் ஏறிவிடும் போலிருக்கிறது!)

அண்மையில் ஓர் அம்மையார் நம்மிடம் வந்தார். கணவர் நெடுநாளாக மருத்துவமனையில் படுத்திருக்கிறார். இரவெல்லாம் வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்திருந்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகிறவர். "ஐயா, நீங்கள் மனத்திலே பூசை செய்யச் சொல்கிறீர்கள். எனக்குக் கண்ணை மூடினாலே பயம்தான் வருகிறது. பூசை செய்ய மனம் எங்கே இருக்கிறது?" என்றார். இவ்வினாவைத் தட்டிக்கழித்துவிட்டு நாம் மேடையில் பேசுவதில் பயனில்லை.

முதலில் உடலைப் பார்ப்போம். அச்சமோ சினமோ எழுந்தால், சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சுரப்பிகள் சில நீர்களைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு மேலேறுகிறது, தசைகள் இறுகுகின்றன. புலி துரத்தினால் ஓடுவதற்கு இவ்வேற்பாடு உதவும். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கோ ஓடவும் வழியில்லை, போரிடவும் ஆளில்லை. இறுக்கம் உடலிலேயே தங்கிவிடுகிறது. அந்நிலையில் "மனமே, அமைதியாய் இரு" என்று ஆணையிட்டால் மனம் கேளாது. மூச்சு கேட்கும். இதயத் துடிப்பை நாம் நேரே ஏவ இயலாது, மூச்சை ஏவலாம், மூச்சு மெல்ல வெளியேறும்போது துடிப்பும் தணிகிறது.

திருமூலர் பிராணாயாமத்தை மாத்திரைக் கணக்கோடு விரித்துரைத்தவர். மூச்சை உள்ளே அடக்கும் அப்பயிற்சியை ஆசிரியர் துணையின்றிச் செய்ய வேண்டா. இதயநோயும் இரத்தக் கொதிப்பும் உடையோர் அதனை நினைக்கவே வேண்டா. இல்லறத்தார்க்கு எளியது ஒன்று உண்டு: இயல்பாக மூச்சை வாங்கி, அதைவிட நீளமாக, அவசரமின்றி விடுதல், விடும்போது திருவைந்தெழுத்தை உள்ளே ஒருமுறை எண்ணுதல். 2001-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் லூசியானோ பெர்னார்டி என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 23 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து வெளியிட்டனர். கிறித்தவர் செபமாலை சொல்லும்போதும், யோகநெறி மந்திரம் சொல்லும்போதும், மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு என்னும் அளவுக்கு இறங்கி, இதயத்தின் இயக்கமும் அதனோடு ஒத்திசைந்ததை அவர்கள் கண்டனர். அயல்நாட்டார் அளந்து சொன்ன பின்னரே நம்மவர் செபத்தை மதிக்கின்றனர் என்பது வேறு கதை.

அவ்வம்மையாரிடம் நாம் சொன்னதும் இவ்வளவே. "அம்மா, அச்சத்தை விரட்ட முயல வேண்டா, அது பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பத்து மூச்சு மட்டும் எண்ணுங்கள். நடுவில் எண்ணம் ஓடினால் உங்களையே கடிந்துகொள்ளாமல் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்." மறுவாரம் வந்து, "மூன்றுக்குமேல் போக முடியவில்லை ஐயா" என்றார். மூன்றும் பூசைதான் என்றோம். அன்று முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டோம்.

திருக்கோயிலிலேயே இளைப்பாறும் வழியை முன்னோர் வைத்திருக்கின்றனர், நாம்தாம் பயன்கொள்வதில்லை. நிறைமாதக் கருவுற்ற பெண் எண்ணெய்க்குடம் சுமந்து நடப்பதுபோல் பிராகாரத்தை வலம்வர வேண்டும் என்பது மரபு. இன்று பலர் வலம்வருவதைப் பார்த்தால், பேருந்தைப் பிடிக்க ஓடுவோரைப் போலிருக்கிறது. வழிபாடு முடிந்தபின் சிறிது அமர்ந்து ஐந்தெழுத்தை எண்ணிய பின்னரே எழ வேண்டும் என்பதும் விதி. வெளியே ஆட்டோவை நிறுத்திவைத்துவிட்டு அமர்வோர்க்கு அது எங்ஙனம் கூடும்? அமர்ந்தவரும் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம், இவை வந்தால் அது நோய். "வினைப்பயன், திருநீறு பூசு, போதும்" என்று வீட்டிலுள்ளோர் சொல்லிவிடலாகாது. திருநீறும் பூசுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசி உதவிக்கு எண் 14416, தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்துண்பதில் இல்லாத வெட்கம் இதற்கு மட்டும் எதற்கு? திருநாவுக்கரசர் சூலைநோயின் கொடுமை தாளாமல் தமக்கையாரை நாடிச் சென்றார். துணை தேடுதல் அடியார்க்கு இழுக்கென்றால் அவர் போயிருப்பாரா?

வாயிலாரின் குருபூசை மார்கழி மாதத்து இரேவதி நாளில் வருகிறது. கபாலீச்சரத்தில் அவருக்குத் தனிச்சன்னிதி உண்டு. பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உலா வருகையில் நெரிசலில் அவரைக் கண்டு வணங்குவது அரிது, குருபூசையன்று செல்லலாம். நடக்க இயன்றவர்கள் இராயப்பேட்டையிலிருந்து நடந்தே செல்லுங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.