பின் சக்கரம் உறுமினால்



மாருதி 800 காரை எல்லோரும் அறிவார்கள். 1983 முதல் 2014 வரை இந்தியாவில் தயாரானது. இன்றும் சில வீடுகளில் ஓடுகிறது.

அதன் பின்பக்கம் 'உர்' என்று உறுமுகிறதா? வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? பேரிங் தேய்ந்திருக்கலாம். பேரிங் என்பது இரும்புக் குண்டுகள் அடங்கிய வளையம். சக்கரம் சுழல்வது அதனால்தான். தேய்ந்ததை அப்படியே விட்டால் சக்கரமே கழன்றுவிடலாம். உயிருக்கே ஆபத்து!

எப்படி மாற்றுவது?

முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். பிறகு கைபிரேக்கை விடுவியுங்கள். அது பின் சக்கரத்தைப் பிடிப்பது. விடுவித்தால்தான் டிரம் கழலும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றுங்கள். நடு நட்டின் பின்னை எடுங்கள். நட்டைக் கழற்றி, டிரம்மை இழுங்கள். உள்ளே இருக்கும் பேரிங்கைத் தட்டி எடுங்கள்.

அதன் வளையத்தில் எண் பொறித்திருக்கும். படியுங்கள். கடையில் அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தறிந்தவரை ஏமாற்ற முடியாது!

புதியதை வெளி வளையத்தில் மட்டும் தட்டி ஏற்றுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். புது பேரிங்கும் உறுமத் தொடங்கும்.

நட்டை நன்றாக முறுக்குங்கள். பழைய பின் வேண்டாம். புதுப் பின் போடுங்கள். சக்கரத்தை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள். சத்தமின்றிச் சுற்றினால் வேலை சரி.

உறுமல் ஓர் எச்சரிக்கை. கேட்ட அன்றே கவனியுங்கள்.