கர்ப்பிணியின் இருதயமும் காந்த ஸ்கேனும்



சேர்வராயன் மலையில் பிறந்தவர்களுக்கு மேடு ஏறுவது புதிதல்ல. அதனாலேயே ஒரு ஆபத்தும் உண்டு. காப்பித் தோட்டத்து மேட்டில் ஏழு மாதக் கர்ப்பிணி நின்று நின்று மூச்சு வாங்கினால், "வயிறு பெரிசாச்சு, மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ரத்தசோகையாலும் மூச்சு வாங்கும். ஆனால் சிலருக்கு அது இருதயக் கோளாறு.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை இருதய நோயுள்ள கர்ப்பிணிகள் 1,005 பேரைக் கவனித்து எழுதி வைத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு, நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தின்போதுதான் முதன்முதலில் தெரிந்தது! 20 தாய்மார்கள் இறந்துபோனார்கள். சிறுவயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் மூட்டுக் காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருந்ததுதான் அதிகம்.

மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், நடுராத்திரியில் திணறி எழுந்து உட்காருவது, மயக்கம், இருமினால் ரத்தம், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். பிரசவம் ஆன பிறகு சில மாதங்கள் வரைகூட இது வரலாம்.

முதலில் எக்கோ எடுப்பார்கள். அது வெறும் ஒலியலை. பெரும்பாலோருக்கு அதுவே போதும். இருதயத் தசையே வீங்கியிருக்கிறதா, நார் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டி வந்தால்தான் எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஸ்கேன். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. நம் உடம்பில் உள்ள தண்ணீரின் அணுக்களைக் காந்தம் ஒரு பக்கமாக நிறுத்துகிறது. ரேடியோ அலை அவற்றைத் தட்டிவிடுகிறது. அவை பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரத்தைக் கருவி அளக்கிறது. ஈர வேட்டி காய நேரமாகும் இல்லையா, அதுபோல நீர் கோர்த்த தசைக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். நார் பிடித்த தசைக்கும் அப்படித்தான்.

இந்த நேரத்தை அளக்க ஊசி மருந்து தேவையில்லை. வழக்கமாகப் போடும் காடோலினியம் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. முதல் மூன்று மாதத்தில் வெறும் எம்.ஆர்.ஐ. எடுத்ததால் குழந்தைக்குக் கேடு கூடவில்லை. காடோலினியம் போட்டவர்களிடம் குழந்தை இறப்பு கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே கர்ப்பிணிக்கு அந்த ஊசியை மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். பழைய தழும்பைத் துல்லியமாகக் காட்ட அந்த மருந்துதான் மேல் என்பதும் உண்மை. பிரசவத்துக்குப் பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான கருவியின் காந்த பலம் 1.5 டெஸ்லா. இப்போது 0.55 டெஸ்லா கருவியிலும் இருதயத்தைப் பார்க்கலாம் என்று 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பலம் குறைவு என்றாலும் பூமியின் காந்தத்தைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல்! உடம்பில் சூடு குறைவாக ஏறும். படம் கொஞ்சம் மங்கும், அதைக் கம்ப்யூட்டர் சரிக்கட்டும்.

ஒரு சங்கதி சொல்லவேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னார்கள் என்பதற்காக ஸ்கேன் எடுக்காமலே ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். காந்த அறைக்குள் எந்த உலோகமும் ஆகாது. மெட்டி, கொலுசு, ஊக்கு எல்லாம் கழற்றத்தான் வேண்டும். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு போகட்டும், யாரும் தடுக்கமாட்டார்கள். தம்பிமார்களே, மாமியாரிடம் இதை முந்தின நாளே நீங்கள்தான் பேசி வைக்கவேண்டும்.

உள்ளே சத்தம் பலமாக இருக்கும், காதுக்கு அடைப்பு கொடுப்பார்கள். மாதம் கூடியவர்களை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். அவ்வப்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள், முடியாவிட்டால் சொல்லிவிடலாம்.

சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும். திணறல் இருந்தால் பஸ் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பகால அட்டையையும் பழைய எக்கோ சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.