வியப்பும் திகைப்பும்

ஆங்கிலத்திலே 'அஸ்டொனிஷ்மென்ட்' என்றொரு சொல் உண்டு. கல்முனையில் ஒரு மாணவன் அகராதியைப் புரட்டினால் அதற்கு 'ஆச்சரியம்' என்ற பொருளைக் காண்பான். பிழையென்று கூறுதற்கில்லை, எனினும் அது போதாது. அகராதியை நம்பி, 'தங்கள் அன்பு கண்டு ஆச்சரியமுற்றேன்' என்று அச்சொல்லாலேயே தன் ஆசிரியருக்கு அவன் ஆங்கிலத்தில் எழுதுவானாயின், 'தங்களிடம் அன்பு இருக்கும் என்று நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை' என அவர் பொருள் கொள்ளவுங் கூடும். நன்றி கூறப் புகுந்தவன் நிந்தித்தவனாவான்!

எதிர்பாரா விருந்தினர் வாசலில் நின்றால் எழுவது 'சர்ப்ரைஸ்'. அவ்வளவோடு நில்லாது, மனம் ஒரு கணம் செயலற்றுப்போவதே 'அஸ்டொனிஷ்மென்ட்'. இச்சொல்லின் வேரை இலத்தீன் மொழியில் தேடுவோர் இடிமுழக்கத்தைக் குறிக்கும் சொல்லிடம் சென்று சேர்வர். இதன் உறவாகிய 'அமேஸ்மென்ட்' என்பதோ புகுந்தவர் வெளியேற வழி தெரியாத சிக்கற்பாதையின் பெயரோடு தொடர்புடையது. நம் நாட்டார் வழக்கிலும் திகைப்பூண்டை மிதித்தவன் வழி தவறி அலைவான் என்பர். ஆகவே இவ்விரு சொற்களுக்கும் நெருங்கியது திகைப்பேயன்றி வெறும் ஆச்சரியம் அன்று.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றை 'மருட்கை' என்றார். மருள் என்பது மயக்கமுமாகும். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். மிகப் பெரியது மட்டுமன்று, மிகச் சிறியதும் மனிதனை மருட்டும் என்று கண்டது எத்துணை நுட்பம்! கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்ந்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவோர் அகராதிக்கு அப்பாலும் செல்லல் வேண்டும் என்பதற்கு அந்நூல் நல்ல வழிகாட்டி.

இக்கரையோர முஸ்லிம் மக்களின் பேச்சு வழக்கையும் நோக்குதல் தகும். அரிய அழகொன்றைக் கண்டால் 'சுப்ஹானல்லாஹ்' என்பர். இறப்புச் செய்தி செவிப்பட்டாலோ 'இன்னாலில்லாஹி' என்பதே நாவில் எழும். இரண்டுமே எதிர்பாராதன, எனினும் எழுத்தறியாத முதிய உம்மா ஒருவரும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைக் கூறார். 1572இல் அரங்கேறிய 'ஆயிரமசலா' என்னும் இசுலாமியத் தமிழ் நூலுக்கு 'அதிசய புராணம்' என்றும் பெயருண்டு. வினாவும் விடையுமாகச் செல்லும் அந்நூலின் அதிசயம் அறிவினால் எழுவது, அங்கே இடியில்லை.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளைக் கடல் கொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 'மக்கள் அஸ்டொனிஷ்மென்டுடன் கடலை நோக்கி நின்றனர்' என்றோர் ஆங்கில வாக்கியத்தை அந்நாள் பற்றிய செய்தியிலே காணும் மொழிபெயர்ப்பாளர், அகராதி தரும் முதற்பொருளை எடுத்து 'ஆச்சரியத்துடன்' என்று எழுதினால், அங்கே உறவினரை இழந்தவர் அதனை எவ்வாறு வாசிப்பார்? 'திகைத்து நின்றனர்' என்பதே அவ்விடத்துக்குரிய தமிழ்.