மென்பொருள் நோட்டீசும் நம் பட்டறைகளும்

(நம் சங்கத்தின் ஸ்ரீபெரும்புதூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டங்களில் இலக்கியம் பற்றியே பேசிவரும் நம்மை, இம்முறை தொழில் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். தமிழாசிரியருக்கும் கணிப்பொறி மென்பொருளுக்கும் யாது தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். தொடர்பு உண்டு. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளை இலக்கியப் படைப்பு என்னும் வகையிலேயே வைத்து எண்ணுகின்றது. ஆகலின் இதுவும் நம் பாடத்துள் அடங்கியதே எனக் கொள்க.

உடையவர் அவதரித்த இவ்வூர் இன்று இயந்திரத் தொழிலுக்கும் பேர்பெற்ற தலமாக விளங்குகின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் கம்பெனியின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் எழுந்தன. இப்பேராலைகளைச் சுற்றி அச்சும், ஜிக்கும், பிக்சரும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல உள்ளன. விசுவகர்ம மரபினராகிய நம்மவர் பலர் அவற்றை நடத்துகின்றனர். முன்னோர் பலகையிலும் தரையிலும் வரைந்த அளவுகளை அவர் மக்கள் கணிப்பொறித் திரையில் வரைகின்றனர். அங்ஙனம் வரைதற்குரிய மென்பொருள் பிறரால் ஆக்கப்பட்டது, விலையும் மிக்கது. இடர் பிறப்பது அவ்விடத்தேதான்.

சென்ற ஆண்டு நமக்கு மாமன் முறையாகும் பெரியவர் ஒருவர், இரவு ஒன்பது மணிக்கு ஒரு கடிதத்துடன் நம் இல்லம் போந்தார். ஒரகடத்தின் அருகே பதினொரு தொழிலாளரை வைத்துப் பட்டறை நடத்துபவர். "மாப்பிள்ளை, நீர் பாட்டுக்குப் பொருள் சொல்பவர், இதற்கும் பொருள் சொல்லும்" என்று நீட்டினார். அது ஒரு மென்பொருட் கம்பெனியின் வக்கீல் அனுப்பிய ஆங்கில நோட்டீசு. உரிமம் இன்றி ஐந்து கணிப்பொறிகளில் தம் மென்பொருள் வழங்குகின்றது என்றும், பதினைந்து நாளில் விடை தருக என்றும் எழுதியிருந்தது. "இன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிடப் பையனிடம் சொல்லப்போகிறேன்" என்றார் மாமா. "அதனை மட்டும் செய்யாதீர்" என்று தடுத்தோம்.

தடுத்தது ஏன்? சட்டம் கூறுவதைச் சிறிது கேளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணிப்பொறி நிரல்கள் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இடம்பெற்றன. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 63-பி என்னும் பிரிவைச் சேர்த்தது. உரிமம் பெறாத படி என்று அறிந்தே கணிப்பொறியில் வழங்குவார்க்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் அப்பிரிவு விதிக்கின்றது. ஊதியமோ வாணிகமோ கருதாது வழங்கியவர்க்குச் சிறையை நீக்க நீதிமன்றத்திற்கு இடமுண்டு. பட்டறைக்கு அச்சலுகை கிட்டுவது அரிது. இஃதன்றி நஷ்டஈடு கோரும் சிவில் வழக்கும் உண்டு. 2008-இல் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம், இத்தகைய சான்று எளிதில் அழிக்கத்தக்கது ஆதலின், எதிர்தரப்பிற்கு முன்னறிவிப்பின்றியே ஆணையரை அனுப்பிக் கணிப்பொறிகளைச் சோதிக்கலாம் என்று நெறி வகுத்தது. அழித்தவன் குற்றம் குறைவதில்லை. சான்றை மறைத்தான் என்னும் பழியும் சேர்கின்றது. திருட்டுப் படிகள் பல, இணையத்தோடு சேர்ந்தவுடன் கணிப்பொறியின் அடையாளத்தைத் தாமே கம்பெனிக்கு அறிவித்துவிடுகின்றன. ஆதலின் அழிப்பது வீண் முயற்சி.

நோட்டீசு வந்தால் செய்யத்தக்கவற்றை முறையே கூறுகின்றோம்.

முதலாவது, அனுப்பியவர் யாவர் என அறிக. தொலைபேசியில் அதட்டுவோர் அனைவரும் கம்பெனியார் அல்லர். அதிகாரப் பத்திரம் கேளுங்கள். அது காணும்வரை பணம் அனுப்பாதீர்கள். தனியார் எவரையும் உங்கள் கணிப்பொறியைத் தொட விடாதீர்கள். ஆனால் நீதிமன்ற ஆணையோடு வந்தவரைத் தடுத்தல் ஆகாது.

இரண்டாவது, எண்ணிக் கணக்கெடுங்கள். எத்தனை கணிப்பொறி, ஒவ்வொன்றிலும் என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் ஏற்றினார், பில் எங்கே என்று ஒரு தாளில் வரைக. பில் தொலைந்திருப்பின் விற்றவரிடம் நகல் பெறலாம்.

மூன்றாவது, உரிமம் இல்லாததை அன்றே பயன்படுத்துதலை நிறுத்துக. ஆயின் வக்கீல் சொல்லும்வரை அழியாது ஒதுக்கி வையுங்கள்.

நான்காவது, குறித்த நாளுக்குள் வக்கீல் வாயிலாக விடை எழுதுங்கள். பொய் ஒன்றும் எழுதற்க; கேளாததை வலிய எழுதுதலும் வேண்டா. அவர்பால் உள்ள ஆதாரத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அடிப்படையின்றி அச்சுறுத்துவோர்மேல் வழக்கிடவும் 60-ஆம் பிரிவு வழிவகுத்துள்ளது; அச்சுறுத்தியவர் காலந்தாழ்த்தாது தாமே வழக்குத் தொடுப்பின் அவ்வழி செல்லாது.

ஐந்தாவது, உடன்பாடு செய்துகொள்வீராயின், பழைய கோரிக்கை அனைத்தும் தீர்ந்தன என்று எழுத்தில் பெறுங்கள். தேவைக்கு மேற்பட்ட உரிமங்களை அச்சத்தால் வாங்காதீர்கள். உரிமம் நிலையானதா, ஆண்டுதோறும் புதுப்பிப்பதா என்பதையும் தெளிக.

மாமாவின் பட்டறையில் நாமே உடனிருந்து கணக்கெடுத்தோம். இருந்த கணிப்பொறிகள் மூன்றே, ஐந்து அல்ல. ஒன்றுக்கு முறையான பில் இருந்தது. மற்றொன்றில் மகன் கல்லூரியில் இலவசமாகப் பெற்ற மாணவர் பதிப்பு இருந்தது. அது கற்பதற்கு உரியதேயன்றி வாணிகத்திற்கு ஆகாது என்பதைத் தந்தையும் அறியார், மகனும் எண்ணிப் பார்த்திலன். மூன்றாவது, நண்பன் ஒருவன் கொடுத்த பூட்டுடைத்த படி.

"நண்பன் கொடுத்தான், இது எப்படிக் களவாகும்?" என்றார் மாமா. வள்ளுவர் 'கள்ளாமை' அதிகாரத்தைத் துறவறவியலில் வைத்ததற்குப் பரிமேலழகர் காரணம் கூறுங்கால், இல்வாழ்வார் தம் சுற்றத்தாரிடம் விளையாட்டு வகையால் ஒன்றைக் கவர்ந்துகொள்ளினும் அமையும் என்று இசைகின்றார். ஆனால் மென்பொருள் செய்தவன் நமக்கு மாமனும் அல்லன், மைத்துனனும் அல்லன். கொடுத்த நண்பனுக்கோ அது உரிய பொருள் அன்று.

அப்பொழுது நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாமா பல இரவுகள் கண்விழித்து ஒரு பிக்சருக்கு வரைபடம் அமைத்தார். அதனை வாங்கிக்கொண்ட ஒரு கம்பெனியார், கூலி குறைத்துச் செய்யும் வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டனர். "இரும்பைத் திருடினால் போலீஸ் வரும், என் மூளையைத் திருடினவனை யார் கேட்பது?" என்று அன்று நம் திண்ணையில் அமர்ந்து கண்கலங்கினார். "மாமா, அன்று நீர் கேட்ட கேள்வியைத்தான் இக்கடிதம் உம்மைக் கேட்கின்றது" என்றோம். நெடுநேரம் வாய்திறவாதிருந்தார். பின்னர், "வக்கீலிடம் போவோம்" என்று எழுந்தார்.

ஐந்துக்கு இரண்டு என்று வழக்கு முடிந்தது. அவ்விரண்டு உரிமம் வாங்க அத்தையாரின் வளையல்கள் அடகுக்குப் போயின. இதனை மறைத்தல் நேர்மை அன்று. சிறு பட்டறைக்கு இவ்விலை பெருஞ்சுமை என்பதும் மெய்யே. பி.எஸ்.ஏ. என்னும் மென்பொருட் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, முந்திய ஆண்டில் நம் நாட்டில் ஏற்றப்பட்ட மென்பொருளில் நூற்றுக்கு 56 பங்கு உரிமம் பெறாதது. ஊரெல்லாம் செய்கின்றது என்பது நமக்கு அரண் ஆகாது.

ஆயின் ஏழைத் தொழிலாளிக்கு வழி யாது? பாரதியார் பாடல்களின் வரலாற்றை நினைமின். அவற்றின் உரிமை ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த காலத்து, 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தின் பொருட்டு டி. கே. எஸ். சகோதரர்க்கு நோட்டீசு சென்றது. பாரதி எல்லார்க்கும் பொது என்று தமிழகம் குரல் எழுப்பியது. செட்டியார் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949-இல் சென்னை அரசாங்கம் அதனை ஏற்றது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாயிற்று. உரியவர் மனமுவந்து விட்டதனால் வந்த பொதுமை அது. மென்பொருளிலும் அத்தகைய பொதுமை உண்டு. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்தோர், ஆக்கியவரே எல்லார்க்கும் விட்ட மென்பொருள்களைப் பெருக்கியுள்ளனர். லினக்ஸ், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெஆபிஸ், பட்டறை வரைபடத்திற்கு ஃப்ரீகேட், லிப்ரெகேட் ஆகியன அவ்வகையின. பேராலைகள் கேட்கும் எல்லா வேலைக்கும் இவை ஈடாகா. எனினும் பல வேலைக்குப் போதும். உரிமம் வாங்கிய ஒரு கணிப்பொறியோடு இவற்றை ஏற்ற இரண்டு கணிப்பொறிகளை வைத்துப் பட்டறையைச் செம்மையாக நடத்தலாம்.

ஆகவே நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். இவ்வகை நோட்டீசுகளைப் படித்து வழிகாட்ட வக்கீல் ஒருவரை அமர்த்துக. ஒவ்வொரு பட்டறையும் மென்பொருட் கணக்கு ஏடு ஒன்று வைத்து ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கச் செய்க. பள்ளி விடுமுறையில் நம் இளைஞர்க்கு ஃப்ரீகேட் பயிற்சி அளிக்க. கூடமும் மேசையும் ஏற்பாடு செய்ய நாம் சித்தமாயுள்ளோம்.

அன்பர்களே! கண்ணுக்குத் தோன்றாத உழைப்பிற்கும் கூலி உண்டு என்று உலகத்தாரிடம் வாதாட வேண்டிய மரபினர் நாம். பிறர் உழைப்பிற்கு அதனை நாம் கொடுத்தாலன்றி நம் வாதம் எடுபடாது. அச்சம் நீங்கி, கணக்குத் திருத்தி, நம் பட்டறைகள் தழைக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.