பனிக்காலத்தில் வீட்டுச் சூட்டைக் காப்பது



நம்ம நீலகிரியில் டிசம்பர், ஜனவரி வந்தால் உறைபனி. பகலில் நல்ல வெயில் அடிக்கும், மேகமில்லாத ராத்திரியில் உடம்பு விறைத்துப் போகும். உடனே விறகு, கரி, ஹீட்டர் என்றுதான் நினைக்கிறோம். மூட்டுகிற சூடு எந்த வழியாகப் போகுது என்று யாரும் பார்ப்பதில்லை.

சூடான காத்து மேலேதான் ஏறும். நம்ம வீடுகளில் பாதி தகரக் கூரை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி. கதவுக்கு அடியிலும் அப்படித்தான். ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊத்துகிற மாதிரி நாம விறகு எரிக்கிறோம். தோடர் மந்துகளில் பழைய வீட்டைப் பார்த்திருப்பீங்க, வாசலில் தவழ்ந்துதான் போகணும். ஜன்னல் கிடையாது. குளிருக்கு எப்படி வீடு கட்டணும் என்று அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்க வீட்டில் முதலில் படுக்கும் அறையில் சுவர் இடுக்குகளில் பழைய சாக்கைச் சுருட்டித் திணித்தோம். கதவடிக்குப் பழைய சேலையில் மணல் வைத்துத் தைத்த நீளத் தலையணை. அப்புறம் தகரத்துக்குக் கீழே ரீப்பர் அடித்து பிளைவுட் சீலிங். பத்துக்குப் பத்து அறைக்கு எட்டடிக்கு நாலடி பலகை மூணு கிட்டத்தட்டப் போதும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நிற்கிற காத்துதான் கம்பளி மாதிரி சூட்டைத் தடுக்குது. தெர்மாகோல் மலிவுதான், ஆனா அது சட்டுனு தீப்பிடிக்கும், எனக்கு அது வேண்டாம். சிமென்ட் சீட் கூரை உள்ளவங்க அதை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பகலில் வெயில் விழுகிற ஜன்னலைத் திறந்து வைத்து, நாலு மணிக்கெல்லாம் சாத்திடுங்க.

ஹீட்டர் கணக்கையும் சொல்லிடறேன். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினம் 5 மணி நேரம் போட்டால் பத்தே நாளில் 100 யூனிட்.

இப்போ முக்கியமான விஷயம். கரி அடுப்பைப் படுக்கும் அறைக்குள் வைக்காதீங்க. என் மாமியாருக்கு அது இல்லாமல் தூக்கம் வராது, பெரிய சண்டையே நடந்தது. கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துடும். நம்ம மலையிலேயே அப்படிப் போன உயிர்கள் உண்டு. இடுக்கை அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். விறகடுப்பு எரிகிற சமையல்கட்டில் புகை போகிற வழியையும் யாரும் அடைச்சிடாதீங்க. இப்போ மாமியார் சீலிங் போட்ட அறையில் ரெண்டு கம்பளியோடு தூங்குறாங்க. முணுமுணுப்பு மட்டும் நிக்கலை.

சாக்கு, மணலுக்குக் காசில்லை. பலகைக்கும் ஆசாரி கூலிக்கும் வேணும். ஆடு, மாடு, தையல் மிஷினுக்குக் கொடுக்கிற மாதிரி சீலிங் போடவும் குழுவில் சிறுகடன் தரணும். நவம்பருக்கு முன்னாடியே கொடுத்தால் இந்தப் பனிக்கே உதவும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதணும்னு கேட்டுக்கொள்கிறேன்.